அடுத்தவர் சேவ் ஃபைலில் கை வைக்கும் முன்

2024 மார்ச் 19ஆம் தேதி ஸ்டார்டியூ வேலியின் 1.6 பதிப்பு கணினிக்கு வெளியானது. அந்த கேமுக்கு மோட் எழுதுகிறவர்கள் லேசில் மறக்க முடியாத நாள். அதுவரை கேமுக்குள் இருந்த பொருட்களுக்கு எண்தான் அடையாளம். பார்ஸ்னிப் கிழங்கு என்றால் 24. 1.6 வந்ததும் எண்தான் வேண்டும் என்ற கட்டாயம் போய், எழுத்தில் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. கேட்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் எண்ணை நம்பி எழுதப்பட்டிருந்த மோட்களை எல்லாம் பிரித்துத் திருத்த வேண்டியிருந்தது. மோட்களை கேமுக்குள் ஏற்றித் தரும் ஸ்மாப்பி அன்றைக்கே தன் 4.0 பதிப்போடு தயாராக இருந்தது. பழைய மோட்களின் கோடைப் படிக்கும்போதே புதிய கேமுக்கு ஏற்ப மாற்றிக்கொடுக்கும் வேலையும் அதற்குள் இருப்பதால், எழுதியவர் தொடாமலேயே ஓடிய மோட்களும் உண்டு. மற்றவற்றுக்கு அப்டேட் வர ஆரம்பித்தது.

அந்த வாரங்களில் நல்ல அப்டேட் எப்படி இருக்கும், அவசரத்தில் விட்டது எப்படி இருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. சில மோட்கள் சத்தமே இல்லாமல் புதிய பதிப்புக்கு நகர்ந்தன. விளையாடுகிறவருக்கு ஏதோ மாறியது என்றே தெரியவில்லை. சிலவற்றை ஏற்றியதும், பல மாதங்களாகச் சேர்த்து வைத்த பெட்டியில் பாதிப் பொருளைக் காணோம். இரண்டையும் எழுதியவர்கள் திறமைசாலிகள்தான். கோட் எழுதும் திறமையை மீறி இங்கே வேறொன்று வேலை செய்கிறது என்று அப்போதிருந்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

மோட் எழுதக் கற்றுத்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதிய மோடுக்கு அப்டேட் விடுவது எப்படி என்று உட்கார்ந்து பேசுகிறவர்கள் குறைவு. முதல் தடவை நீங்கள் மோடை வெளியிடும்போது உலகத்தில் யாரிடமும் அது இல்லை. எதை எப்படி வைத்தாலும் கேள்வி இல்லை. காலி மனையில் கட்டுவது போல. இரண்டாவது தடவை அப்படி இல்லை. இப்போது அந்த வீட்டில் ஆள் குடியிருக்கிறார். சுவரை இடிப்பதென்றால் அதில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இடிக்க வேண்டும். அந்தக் குடியிருப்புதான் சேவ் ஃபைல். ஒருவர் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, பிள்ளைகள் தூங்கியபின் விளையாடி, பருவம் பருவமாக வளர்த்த பண்ணை அதில் இருக்கிறது. நம் அப்டேட் போய் இறங்குகிற இடம் அது. மோட் நம்முடையது, சேவ் அவருடையது. அப்டேட் பற்றி நான் கடைப்பிடிக்கிற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

முதலில் அடையாளங்கள். இதில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடப் போகிறேன், ஏனென்றால் சேவ் உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

1.6க்கு முன்னால் ஸ்டார்டியூவில் புதுப் பயிர், புதுப் பழம் சேர்க்கப் பலரும் ஜேசன் அசெட்ஸ் என்ற மோடை நம்பியிருந்தார்கள். கேம் எண்தான் கேட்கும் என்பதால், அது ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் ஓர் எண்ணை எடுத்துக் கொடுக்கும். எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று சேவோடு சேர்த்துக் குறித்தும் வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு எப்போதாவது தவறிப்போனால் எண்கள் இடம் மாறும். நேற்று ஸ்ட்ராபெரி ஜாம் இருந்த இடத்தில் இன்று வேறு ஏதோ ஒன்று. இதற்கு ஜேசன் ஷஃபிள் என்று பெயரே வைத்துவிட்டார்கள், அந்த அளவுக்கு அது ஒரு தொல்லை. 1.6இன் எழுத்து அடையாளங்கள் இந்தச் சிக்கலை வேரோடு தீர்த்தன. மோடின் பெயரை முன்னால் ஒட்டி, அடிக்கோடு போட்டு, பொருளின் பெயரைச் சேர்த்தால் உலகத்தில் வேறு எந்த மோடோடும் மோதாது.

ஆனால் எழுத்து அடையாளம் வந்ததும் புதிதாக ஒரு சபலமும் வந்தது. எண்ணை யாரும் அழகுபடுத்த நினைப்பதில்லை. பெயரைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். எழுத்துப் பிழை இருக்கிறதே, ஒருமை பன்மை கலந்திருக்கிறதே, எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் கொண்டுவரலாமே என்று. கொண்டுவந்து வெளியிட்டால் என்ன ஆகும்? பழைய சேவில் பழைய பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் இப்போது எதுவும் இல்லை. கேம் பாவம், என்ன செய்யும்? அந்த இடத்தில் பிழைப் பொருள் என்று சிவப்பு வட்டம் போட்டு ஒன்றைக் காட்டும். விளையாடுகிறவரின் பெட்டியில் நூறு பழம் இருந்திருந்தால் நூறு சிவப்பு வட்டம்.

ஆகவே, வெளியே போய்விட்ட அடையாளத்தை மாற்றாதீர்கள். எழுத்துப் பிழையோடு போயிருந்தால் பிழையோடு இருக்கட்டும். திரையில் காட்டும் பெயர் வேறு, உள் அடையாளம் வேறு. திரைப் பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். பொருளுக்கு மட்டும் இல்லை, கடிதம், நிகழ்ச்சி, சமையல் குறிப்பு, பாட்டு, வரைபடத்தின் பெயர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, மோடின் சொந்த அடையாளம். மேனிஃபெஸ்ட் ஃபைலில் இருக்கும் அந்தப் பெயரை வைத்துத்தான் ஸ்மாப்பி உங்கள் மோடை அறிகிறது, சேவுக்குள் உங்கள் மோட் எழுதி வைத்த தரவை எடுத்துத் தருகிறது, உங்கள் மோடை நம்பியிருக்கும் மற்ற மோட்களை இணைக்கிறது. அதை மாற்றினால் ஸ்மாப்பியைப் பொறுத்தவரை அது வேறு யாரோ எழுதிய புது மோட்.

மாற்றியே ஆக வேண்டிய நிலையும் வரும். 1.6 சமயத்தில் பலருக்கு வந்தது. அப்போது பாத்தோஸ்சைல்ட் என்ற பெயரில் ஸ்மாப்பியையும், கோட் எழுதாமலேயே மோட் செய்ய உதவும் கன்டென்ட் பேட்சரையும் பராமரிக்கிறவர் செய்த ஒரு நல்ல காரியம் உண்டு. பழைய அடையாளம் இது, புதியது இது என்று நீங்கள் எழுதிக்கொடுத்தால், சேவ் முழுக்கத் தேடி மாற்றிவிடும் ஒரு வசதியை கன்டென்ட் பேட்சருக்குள்ளேயே வைத்தார். ஒரு வரி கோட் எழுதத் தெரியாதவர்கூட அதைப் பயன்படுத்தலாம். விளையாடுகிறவர் காலையில் எழுந்து பெட்டியைத் திறந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். இப்படி ஒரு கருவி கையில் இருக்கும்போது, புதிதாக ஆட்டம் தொடங்குங்கள் என்று பக்கத்தில் எழுதிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் கேம் ஃபேக்டோரியோ. பிராகில் இருக்கும் வூப் சாஃப்ட்வேர் எழுதியது. அங்கே மோட் எழுதுகிறவருக்கு மைக்ரேஷன்ஸ் என்று ஒரு ஃபோல்டரையே கொடுத்திருக்கிறார்கள். ஓர் இயந்திரத்தின் உள் பெயரை மாற்றினால், பழைய பெயரில் வரைபடத்தில் நிற்பவை எல்லாம் ஏற்றும்போதே காணாமல் போகும். ஆயிரக்கணக்கான இயந்திரங்களை வரிசை கட்டி வைத்திருப்பவருக்கு அது எப்பேர்ப்பட்ட அடி என்று யோசியுங்கள். அதைத் தடுக்க, பழைய பெயரும் புதிய பெயரும் எழுதிய சின்ன ஃபைல் ஒன்றை அந்த ஃபோல்டரில் போட்டால் போதும். சேவை ஏற்றும்போது கேமே படித்து மாற்றிவிடும். எந்தெந்த மைக்ரேஷன் ஏற்கெனவே ஓடியது என்று சேவுக்குள்ளேயே குறித்துக்கொள்வதால் ஒன்று இரண்டு தடவை ஓடாது.

இதில் பலர் கவனிக்கத் தவறும் இடம், பழைய மைக்ரேஷன் ஃபைல்களை அழித்துவிடுவது. எல்லோரும்தான் புதுப் பதிப்புக்கு வந்துவிட்டார்களே, இனி எதற்கு என்று தோன்றும். வரவில்லை. ஒருவர் போன வருடம் விளையாடிவிட்டு வேலை மாறி, ஊர் மாறி, இப்போதுதான் திரும்ப வருவார். அவருடைய சேவ் நான்கு பதிப்புக்கு முந்தையது. அவருக்கு முதல் மைக்ரேஷனிலிருந்து கடைசி வரை வரிசையாக ஓட வேண்டும். சில பைட் அளவுள்ள ஃபைல்கள் அவை. அப்படியே இருக்கட்டும்.

ஸ்கைரிம் கேமில் இதே கதை வேறு வேஷத்தில். அங்கே ஒரே நேரத்தில் ஏற்றக்கூடிய முழு அளவு பிளகின்களுக்கு, அதாவது மோட் ஃபைல்களுக்கு, உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பில் இடம் பிடிக்காத லைட் பிளகின் என்ற வகை பின்னால் வந்தது. உடனே நிறைய பேர், விளையாடுகிறவருக்கு இடம் மிச்சமாகட்டும் என்று நல்லெண்ணத்தோடு தங்கள் மோடை அந்த வகைக்கு மாற்றினார்கள். மாற்றும்போது உள்ளே இருக்கும் பதிவுகளின் எண்களைச் சுருக்கி அடுக்க வேண்டியிருக்கும். எண் மாறியதும் ஓடிக்கொண்டிருக்கும் சேவில் அந்த வாள், அந்த வீடு, அந்தத் துணைவர் எதுவும் இல்லை. அதோடு, அந்த மோடை மற்ற மோட்களோடு பொருத்த வேறு யாரோ எழுதிய பேட்ச்களும் செல்லாமல் போகும். நல்லெண்ணம் மட்டும் போதாது. இப்படி மாற்ற விரும்பினால் லைட் பதிப்பைத் தனி ஃபைலாக வையுங்கள். புதிதாக ஆட்டம் தொடங்குகிறவர்கள் மட்டும் எடுக்கட்டும் என்று ஃபைலின் பெயரிலேயே தெரியும்படி எழுதுங்கள். பழையதும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து பதிப்பு எண். மூன்று எண்கள், நடுவே புள்ளி. ஸ்மாப்பி இந்த முறையைத்தான் கேட்கிறது. பிழை திருத்தினால் கடைசி எண், புதிதாக ஏதாவது சேர்த்தால் நடு எண், பழையதை உடைக்கும் மாற்றம் என்றால் முதல் எண். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பலர் முதல் எண்ணைப் பெருமைக்காக ஏற்றுகிறார்கள். பெரிய அப்டேட், ஆகவே 2.0. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் எண் மாறினால், கொஞ்சம் நில்லுங்கள், சேவைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பைப் படியுங்கள் என்று அர்த்தமாக இருக்க வேண்டும். இருபது புதுப் பயிர் சேர்த்தும் எதுவும் உடையவில்லை என்றால் அது 1.5தான். ஒரே ஒரு அடையாளத்தை மாற்றினால்கூட 2.0.

ஸ்மாப்பி தொடங்கும்போது உங்கள் மேனிஃபெஸ்டில் இருக்கும் எண்ணையும் நெக்சஸ் போன்ற மோட் தளத்தில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டு, அப்டேட் இருக்கிறது என்று கன்சோலில் சொல்லும். தளத்தில் எண்ணை ஏற்றிவிட்டு மேனிஃபெஸ்டில் ஏற்ற மறந்தால், புதிய ஃபைலைப் போட்ட பிறகும் அந்த அறிவிப்பு போகவே போகாது. ஒருவர் மறுபடி மறுபடி டவுன்லோட் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் எந்த அறிவிப்பையுமே நம்பாமல் போவார். எண்ணைக் கையால் இரண்டு இடத்தில் எழுதாமல், ஓரிடத்தில் எழுதி மற்றதைக் கருவி எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிடுவது நல்லது.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. 2.1.0ஐப் பதிவேற்றுகிறோம். பத்து நிமிடத்தில் ஒரு பிழை தெரிகிறது. அதைத் திருத்தி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதே 2.1.0 என்ற பெயரிலேயே மறுபடி ஏற்றிவிடுவது. இனி உலகத்தில் இரண்டு 2.1.0 இருக்கின்றன. முதல் பத்து நிமிடத்தில் எடுத்தவருக்கு அப்டேட் அறிவிப்பு வராது. அவர் பிழை சொல்லி லாக் அனுப்பினால் அதில் 2.1.0 என்றுதான் இருக்கும். உங்களிடம் இருக்கும் 2.1.0இல் அந்தப் பிழை இல்லை. இருவரும் சொல்வது உண்மை, இருவருக்கும் புரியாது. எண்ணுக்குப் பஞ்சமா என்ன? 2.1.1 என்று போடுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு அப்டேட் விட்டோமே என்று கூச வேண்டியதில்லை.

பின்வாங்க வேண்டிய நிலையும் அப்படித்தான். புதுப் பதிப்பு மோசமாக உடைகிறது, பழையதையே கொடுப்போம் என்றால், 2.0இன் உள்ளடக்கத்தை 2.1.2 என்று மேல் எண்ணோடு வெளியிட வேண்டும். கீழே போகும் எண்ணை எந்தக் கருவியும் அப்டேட் என்று ஏற்காது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: 2.1.0 ஏற்கெனவே சேவுக்குள் அடையாளங்களை மாற்றி எழுதியிருந்தால், வெறுமனே பழைய கோடைக் கொடுப்பது இன்னும் மோசமாக்கும். புதுப் பெயர்களைப் பழைய பெயர்களுக்குத் திருப்பும் மைக்ரேஷனும் கூடவே போக வேண்டும். அதனால் சேவைத் தொடும் மாற்றத்தையும் மற்ற மாற்றங்களையும் ஒரே அப்டேட்டில் கலக்காமல் இருப்பது என் வழக்கம். அடையாள மாற்றம் தனியாகப் போகட்டும், அது நிலைத்ததும் புதுப் பயிர் வரட்டும்.

ஜிப் ஃபைலைப் பற்றிச் சுருக்கமாக. கான்ஃபிக் ஃபைலை அதற்குள் வைக்காதீர்கள். முதல் தடவை ஓடும்போது மோடே அதை உருவாக்கிக்கொள்ளும். ஜிப்பில் வைத்தால், விளையாடுகிறவர் பார்த்துப் பார்த்து மாற்றி வைத்த அமைப்புகளை உங்கள் அப்டேட் அழித்துவிடும். ஸ்மாப்பிக்கான பில்ட் தொகுப்பைப் பயன்படுத்தினால் அதுவே கான்ஃபிக்கை ஒதுக்கி ஜிப் செய்து தருகிறது. ஃபோல்டரின் பெயரைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றாதீர்கள். மாற்றினால் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே மோட் இரண்டு தடவை இருக்கிறது என்று ஸ்மாப்பி இரண்டையும் ஏற்ற மறுக்கும்.

சேஞ்ச்லாக் எழுதுவதை நான் மோடின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். சில பிழைகள் திருத்தப்பட்டன என்ற வரியைப் போல வீணான வரி வேறு இல்லை. எந்தப் பிழை? எனக்கு வந்ததா? விளையாடுகிறவர் எதைக் கண்ணால் பார்த்தாரோ அதைச் சொல்லி எழுத வேண்டும். ‘மழை நாளில் தெளிப்பான் இரண்டு தடவை தண்ணீர் விட்டது, இனி விடாது’ என்றால் அந்தத் தொல்லை இருந்தவருக்கு உடனே தெரியும். ‘தெளிப்பான் நிகழ்வுக் கையாளுதல் சீரமைக்கப்பட்டது’ என்றால் எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற மோட் எழுதுகிறவர்களுக்கான தகவலைக் கீழே தனித் தலைப்பில் வைக்கலாம். ஸ்மாப்பியின் சொந்தக் குறிப்புகளே விளையாடுகிறவர்களுக்கு, மோட் எழுதுகிறவர்களுக்கு என்று பிரித்துத்தான் எழுதப்படுகின்றன. சேவைப் பாதிக்கும் மாற்றம் எதுவானாலும் முதல் வரியில், என்ன செய்ய வேண்டும் என்பதோடு வர வேண்டும். ஃபேக்டோரியோ இதிலும் ஒரு படி மேலே: சேஞ்ச்லாக் எப்படி எழுத வேண்டும் என்று கறாரான வடிவம் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு பதிப்பின் தலையிலும் சரியாக 99 சிறு கோடுகள் வர வேண்டும் என்கிற அளவுக்கு. கறார்தான், ஆனால் அதனால்தான் கேமுக்குள்ளிருந்தே எந்த மோடின் வரலாற்றையும் ஒழுங்காகப் படிக்க முடிகிறது.

சோதனையைப் பொறுத்தவரை, புது ஆட்டம் தொடங்கிப் பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது முதல் வெளியீட்டுக்குப் போதும். அப்டேட்டைச் சோதிக்கப் பழைய சேவ் வேண்டும். ஒவ்வொரு பதிப்பு வெளியிடும்போதும் அந்தப் பதிப்பில் விளையாடிய ஒரு சேவை எடுத்து, எண்ணோடு பெயர் வைத்துத் தனி ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன். பெட்டியில் மோடின் பொருட்கள் எல்லாம் இருக்க வேண்டும், தரையில் பயிர் பாதி வளர்ந்திருக்க வேண்டும், மெஷினுக்குள் ஏதாவது ஊறிக்கொண்டிருக்க வேண்டும், அஞ்சல் பெட்டியில் பிரிக்காத கடிதம் இருக்க வேண்டும். அடுத்த பதிப்பு தயாரானதும் இவை ஒவ்வொன்றையும் ஏற்றிப் பார்க்கலாம். மெஷினுக்குள் இருப்பது எளிதில் மறந்துபோகும் இடம் என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன். இருவர் சேர்ந்து விளையாடும் ஆட்டத்தில், விருந்தாளியாக வருகிறவரின் பக்கமும் பார்க்க வேண்டும். இன்னொன்று: விண்டோஸ், ஃபைல் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வித்தியாசம் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். ஸ்டீம் டெக்கில் ஓடுவது லினக்ஸ். உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த படம் அங்கே வராமல் போகலாம்.

எப்போது வெளியிடுவது? வெளியிட்ட பின் சில மணி நேரமாவது கணினி முன்னால் இருக்க முடிகிறபோது. வெள்ளிக்கிழமை இரவு ஜிப்பைப் பதிவேற்றிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவது வேண்டாம். ஏதாவது உடைந்திருந்தால் அது உடையப் போவது எல்லோரும் விளையாட உட்காரும் சனி, ஞாயிறில். பெரிய மாற்றம் என்றால் எண்ணுக்குப் பின்னால் பீட்டா என்று சேர்த்து, விருப்பமுள்ளவர்கள் எடுக்கும்படி தனி ஃபைலாக முதலில் வைக்கலாம். பீட்டாவை முதன்மை ஃபைலாக வைத்தால் அது பீட்டா இல்லை.

நேரம் நம் கையில் இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. ஃபால்அவுட் லண்டன் என்ற பிரம்மாண்டமான மோடை 2024 ஏப்ரல் 23 அன்று வெளியிடுவதாக அதன் குழு அறிவித்திருந்தது. ஏப்ரல் 25 அன்று அந்த மோட் ஓடும் ஃபால்அவுட் 4க்குப் பெரிய அப்டேட் வருவதாக, கேமை உருவாக்கிய பெதெஸ்டா அறிவித்தது. இரண்டு நாள் இடைவெளியில் அடித்தளமே மாறப் போகிறது. குழு வெளியீட்டைத் தள்ளிவைத்தது. ஜூலை 25 அன்றுதான் மோட் வந்தது, அதுவும் கேமின் பழைய பதிப்பில் ஓடும்படி. பல வருட உழைப்புக்குப் பிறகு, எல்லோரும் காத்திருக்கும்போது மூன்று மாதம் தள்ளிப்போடுவதற்கு எவ்வளவு உறுதி வேண்டும்! சொன்ன தேதிக்கு விட்டிருந்தால் இரண்டே நாளில் ஆயிரக்கணக்கானவர்களின் ஆட்டம் நின்றிருக்கும். அந்த முடிவை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஸ்கைரிமிலும் 2021 நவம்பர் 11 அன்று வந்த அப்டேட், கேமின் நினைவக முகவரிகளை நம்பிய பிளகின்களை ஒரே நாளில் முடக்கியது. அதற்கு முந்தைய 1.5.97 பதிப்பிலேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம். அவர்களும் நம் மோடை விளையாடுகிறவர்கள்தான். ஆகவே பழைய ஃபைல்களை அழிக்காதீர்கள். நெக்சஸில் பழைய ஃபைல்கள் என்று தனிப் பகுதியே இருக்கிறது. எந்த கேம் பதிப்புக்குக் கடைசியாக எது ஓடும் என்று விவரத்தில் ஒரு வரி எழுதினால் போதும். ஸ்டீம் தளத்தின் மோட் பகுதியான வொர்க்ஷாப்பில் நிலைமை கடினம், ஏனென்றால் அங்கே அப்டேட் தானாகவே போய் இறங்கிவிடும், பழையதில் தங்கும் வாய்ப்பைப் பொதுவாக விளையாடுகிறவருக்குத் தராது. ரிம்வேர்ல்டுக்கு எழுதுகிறவர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: ஒரே மோடுக்குள் 1.4, 1.5 என்று கேம் பதிப்பு வாரியாக ஃபோல்டர்கள். கேம் தனக்குரியதை எடுத்துக்கொள்ளும். வொர்க்ஷாப்பில் வெளியிடுகிறவர்கள் ஒவ்வொரு பதிப்பின் ஜிப்பையும் கிட்ஹப்பிலாவது போட்டு வைப்பது நல்லது.

மொழிபெயர்ப்பவர்களை மறந்துவிடுகிறோம். நம் மோடைத் தங்கள் மொழிக்குக் கொண்டுபோகக் காசு வாங்காமல் உழைக்கிறவர்கள் அவர்கள். ஸ்மாப்பி மோடில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குறிச்சொல் உண்டு. அந்த மொழியில் அது இல்லையென்றால் மூல வாக்கியம் காட்டப்படும். வசனத்தின் அர்த்தத்தையே மாற்றும்போது பழைய குறிச்சொல்லிலேயே புது வசனத்தை எழுதினால், மற்ற மொழிகளில் பழைய வசனமே தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் ஒன்று சொல்லும், கதை வேறெங்கோ போகும். அர்த்தம் மாறினால் குறிச்சொல்லையும் மாற்றுங்கள். எழுத்துப் பிழை மட்டும் திருத்தினால் மாற்றாதீர்கள், அவர்கள் வேலை வீணாகும். பெரிய அப்டேட்டுக்குச் சில நாள் முன்னால் புது வாக்கியங்களை அவர்களுக்குக் கொடுத்துவிடுவது மரியாதை.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோட்கள் வெளியாகும் கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் தளங்களில் சிலரின் கணக்குகளுக்குள் புகுந்து, அவர்கள் பெயரிலேயே வைரஸ் கலந்த ஃபைல்களை ஏற்றினார்கள். ஃப்ராக்சரைசர் என்று அதற்குப் பெயர். அதே வருடம் டிசம்பர் 25 அன்று, ஸ்லே தி ஸ்பையர் கேமின் புகழ்பெற்ற டவுன்ஃபால் மோடின் ஸ்டீம் கணக்கைக் கைப்பற்றி, கடவுச்சொல் திருடும் நிரலை அப்டேட்டாக அனுப்பினார்கள். பண்டிகை நாள், விளையாட உட்கார்ந்தவர்களின் கணினியில் அது தானாகவே இறங்கியது. அப்டேட் பொத்தானை அழுத்தும் உரிமை நம்மிடம் இருக்கிறது என்றால், முகம் தெரியாத எத்தனையோ பேரின் கணினியில் கோட் ஓட்டும் உரிமை நம்மிடம் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள், அந்தக் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள். தானாகப் பதிவேற்றும் டோக்கனை கோடோடு சேர்த்து வெளியே விட்டுவிடாதீர்கள். கூட எழுதுகிறவர் விலகியதும் அவருடைய அனுமதியை எடுத்துவிடுங்கள். பகை ஒன்றும் இல்லை, அவர் கணக்கு நாளை யார் கைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது.

கடைசியாக, கடைசி அப்டேட். ஒரு நாள் நாம் இதை நிறுத்துவோம். வேலை, குடும்பம், வேறு ஆர்வம், எதுவாகவும் இருக்கலாம். பலர் சொல்லாமல் போய்விடுகிறார்கள். விளையாடுகிறவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். போகும்போது ஒரு பதிப்பை விட்டுவிட்டுப் போகலாம்: இதுவரை தெரிந்த பிழைகள் திருத்தியது, எந்த கேம் பதிப்பு வரை ஓடும் என்று பக்கத்தில் எழுதியது, மூல கோட் திறந்து வைத்தது, வேறு யாராவது தொடரலாம் என்று உரிமத்தில் தெளிவாகச் சொன்னது. ஸ்மாப்பியின் பொருத்தப் பட்டியலில் அதிகாரபூர்வமற்ற அப்டேட் என்ற குறிப்போடு சில மோட்கள் இருக்கும். எழுதியவர் இல்லாதபோது வேறொருவர் எடுத்துத் திருத்திக் கொடுத்தவை. கோடும் அனுமதியும் வெளியே இருந்தால்தான் இது நடக்கும். ஆகவே உரிமத்தைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். அடுத்த அப்டேட்டிலேயே சேர்த்துவிடுங்கள். ஜிப்புக்குள் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், மோட் பக்கத்தில் இரண்டு வரி.